"இவளுக்கும் அதே லேகியமா டாக்டர்?"

போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், எட்டு வயதுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார்.

"என்னைத் தெரியுதா டாக்டர்? நாலாங்கிளாஸ் படிக்கறப்ப எங்கம்மா உங்ககிட்ட கூட்டிட்டு வந்தாங்க. வல்லாரை லேகியம் குடுத்தீங்க. ரெண்டு வருஷம் விடாம சாப்பிட்டேன்."

முகம் மறந்துபோயிருந்தது. அந்தத் தாயாரை மட்டும் ஞாபகம் வந்தது. கையில் ரிப்போர்ட் கார்டோடு வந்தவர். 'சோம்பேறி, கவனம் போதாது' என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். பையனோ என் தோட்டத்தில் நின்ற செடிகளை ஒரு தடவை சொன்னதும் பெயர் மாறாமல் திருப்பிச் சொன்னான். ஆடாதொடை எது, நொச்சி எது என்று கசக்கி முகர்ந்தே கண்டுபிடித்தான். அப்பவாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'இவ்வளவு ஞாபகசக்தி உள்ளவனுக்கு ஞாபகசக்தி மருந்து எதற்கு?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லேகியம் கொடுத்தேன். போதாக்குறைக்கு, "தினம் ஒரு பக்கம் பத்துத் தடவை எழுத வைங்கம்மா, தானா வந்துடும்" என்று யோசனை வேறு!

அவர் மகளைக் காட்டினார். "இவளுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரலை. அதே லேகியந்தானா டாக்டர்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்குத்தான் வார்த்தை வரவில்லை.

நல்ல காலம், அவர் வருவதற்குச் சில வருஷம் முன்பே எனக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. அதை நடத்தியது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

வீட்டில் நடந்த பரீட்சை

என் மகள் சிறப்புக் கல்வி படித்துக்கொண்டிருந்த சமயம். படிக்கச் சிரமப்படும் குழந்தைகளின் நிலைமை பெரியவர்களுக்குப் புரியவேண்டும் என்று அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். 2002-ல் ஒரு படம் ஒளிபரப்பியது. 'மிஸண்டர்ஸ்டுட் மைண்ட்ஸ்' என்று பெயர். அதோடு சேர்த்து, கம்ப்யூட்டரில் நாமே செய்து பார்க்கும் சில பயிற்சிகளையும் கொடுத்தார்கள். அதில் ஒன்றைத்தான் மகள் என் முன்னால் வைத்தாள்.

விஷயம் ரொம்பச் சின்னது. ஓர் ஆங்கிலப் பத்தி. அதில் 'க்யூ' வந்தால் 'டி' என்று படிக்கவேண்டும். 'இஸட்' வந்தால் 'எம்'. 'பி' என்ற எழுத்தும் 'பீ' என்ற எழுத்தும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று. இன்னும் இரண்டு மூன்று விதிகள். அவ்வளவுதான். "சத்தமா படிங்கப்பா. அப்புறம் கேள்வி கேட்பேன்" என்றாள்.

முதல் வரியிலேயே மூன்று தடவை தடுக்கினேன். நின்றால், "ம்... சீக்கிரம்" என்றாள். வேகமாகப் போனால் தப்பு. நிதானமாகப் போனால், வரியின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோகிறது. காது சூடாகிவிட்டது. வீட்டில் வேலை செய்யும் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு கூச்சம். முடித்ததும், "இது எதைப் பத்தின பத்தி?" என்று கேட்டாள். சத்தியமாகத் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஆங்கிலப் புத்தகம் படிக்கிற ஆள் நான்!

அன்றைக்கு நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். தண்ணீர் கேட்டேன். "இதெல்லாம் என்ன பயிற்சி!" என்று எரிந்து விழுந்தேன். என்னிடம் கூட்டி வரப்படுகிற பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் சொல்லும் அதே புகார்கள். 'புஸ்தகத்தை எடுத்தாலே தண்ணி வேணுங்கறான், பாத்ரூம் போறான், கோபப்படுறான்.'

நீங்களும் ஆடிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வேண்டாம். இந்தப் பக்கமே போதும். விதி இதுதான்: 'க' வந்தால் 'த' என்று படியுங்கள், 'த' வந்தால் 'க'. 'ப' வந்தால் 'ம'. 'ம' வந்தால் 'ப'. 'ர' வந்தால் 'ல'. 'ல' வந்தால் 'ர'. புள்ளி, கொம்பு, துணைக்கால் எது சேர்ந்திருந்தாலும் இதே விதி. மற்ற எழுத்துகளில் மாற்றமில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். முப்பது விநாடி. சத்தமாகப் படிக்க வேண்டும். நின்று நின்று படித்தால், "நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்!" என்று அவர் அதட்டலாம். ஆரம்பியுங்கள்:

பாபா தடையிர் மழப் வாங்திக் கந்கால். மாட்டி தகை சொன்னாள். கப்மி பலக்கடியிர் தேட்டான். திளி மறந்கு மோனகு.

முடித்தாயிற்றா? மேலே பார்க்காமல் சொல்லுங்கள். பறந்து போனது எது? கதை கேட்டவன் எங்கே இருந்தான்? நாலே வாக்கியம். ஒன்றாம் வகுப்புப் பாடம். விடை கட்டுரையின் கடைசியில் இருக்கிறது.

'பாபா', 'மாட்டி', 'தகை' என்ற இடங்களில் என்ன ஆயிற்று என்று கவனித்தீர்களா? தெரிந்த வார்த்தை மாதிரி இருக்கவே, மனசு விதியை மறந்து அப்படியே படித்திருக்கும். குழந்தை 'குத்துமதிப்பா அடிச்சு விடுறான்' என்கிறோமே, அதுதான் இது. மூச்சு முட்டும்போது கைக்குக் கிடைத்த கிளையைப் பிடிப்பது.

உள்ளே என்ன நடக்கிறது?

பேச்சு நமக்குத் தானாக வருகிறது. தாய் பேசக் கேட்டே குழந்தை பேசிவிடுகிறது. எழுத்து அப்படியல்ல. மனித இனம் எழுத ஆரம்பித்து சுமார் ஐயாயிரம் வருஷம்தான் ஆகிறது. படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒரு அறை கட்டி வைக்கப்படவில்லை. பார்க்கும் பகுதியையும், ஒலியைப் பிரித்தறியும் பகுதியையும், பொருள் உணரும் பகுதியையும் ஒன்றோடொன்று கம்பி இழுத்து இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இடது பக்க மூளையில் இந்த இணைப்பு ஒன்றிரண்டு வருஷப் பழக்கத்தில் உறுதியாகிவிடும். பிறகு எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்கவே முடியாது. பஸ் போர்டைப் பார்த்தால் மனசு தானாகப் படித்துவிடுகிறதே!

டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்கு இந்த இணைப்புதான் சிரமம். முக்கியமாக, ஒரு சொல்லை ஒலிகளாக உடைப்பதும், ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு பொருத்துவதும். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நூறு குழந்தைகளில் ஐந்திலிருந்து பத்துப் பேர் வரை ஏதோ ஓர் அளவில் இப்படி இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டிலிருந்து நாலு பேர்!

தமிழில் எழுதியபடியே படிக்கலாம், அதனால் இந்தத் தொல்லை கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். 'கொ' என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, நடுவில் 'க', கடைசியில் கால். வாய்க்கு முதலில் வருவதோ 'க்', அப்புறம்தான் 'ஒ'. துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோலவே தெரியும். 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் அதே 'க' மூன்று விதமாக ஒலிக்கும். நாம் பழகிவிட்டோம், அதனால் தெரியவில்லை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது நான் ஆரம்பப் பள்ளி மாணவன். யானைத் தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'னை' போய்ப் புது எழுத்து வந்தது. சில எழுத்து மாறியதற்கே எத்தனை நாள் தடுமாறினோம்!

இது புதிதாகக் கண்டுபிடித்த வியாதி என்றும் நினைக்க வேண்டாம். 1896-லேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், பேச்சில் சூட்டிகை, கண்ணில் கோளாறு இல்லை, ஆனால் படிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் இந்தப் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். எத்தனை நல்ல ஆசிரியர் பாருங்கள்!

மாட்டுப் படமும் மிட்டாய் ஆசையும்

இந்த வகை விளையாட்டுகளுக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. ரிச்சர்ட் லவாய் என்ற அமெரிக்க ஆசிரியர் நடத்திய 'ஃபேட் சிட்டி' என்ற பயிற்சி வகுப்பு. 1989-ல் அது படமாக வெளிவந்தது. விரக்தி, பதற்றம், மன இறுக்கம் என்பதற்கான மூன்று ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்தப் பெயர். பெற்றோர், ஆசிரியர், மனநல நிபுணர் என்று படித்த பெரியவர்களை மாணவர்களாக உட்காரவைத்து, சில ஆசிரியர்கள் செய்கிற அத்தனையையும் அவர்களிடம் செய்து காட்டுவார். பதில் சொல்ல நேரம் கொடுக்காமல் விரட்டுவது, குத்தலாகப் பேசுவது எல்லாம்.

அதில் ஒரு கட்டம் என் மனசை விட்டுப் போகவில்லை. கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒரு படம். 'என்ன தெரிகிறது?' என்று கேட்கிறார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. 'நன்றாக உற்றுப் பாருங்கள்' என்கிறார். பரிசு தருவதாக ஆசை காட்டுகிறார். மிரட்டியும் பார்க்கிறார். ஊஹூம். கடைசியில் இது கண், இது காது என்று விரலால் கோடு காட்டியதும், அட, ஒரு மாடு! அதன்பிறகு மாட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

நம் வீட்டில் நடப்பதை யோசியுங்கள். 'ஒழுங்காப் படிச்சா சைக்கிள் வாங்கித் தரேன்.' 'படிக்கலேன்னா டிவி கிடையாது.' ஆசையும் அடியும் எல்லாம் ஆயிற்று. விரலை வைத்துக் கோடு காட்டியது யார்? நான் லேகியம் கொடுத்த கதையும் அதுதான்.

எழுத்து ஆடுமா?

2016-ல் ஸ்வீடனைச் சேர்ந்த விக்டர் வைடெல் என்ற கம்ப்யூட்டர் வல்லுநர், டிஸ்லெக்ஸியா உள்ள ஒரு நண்பர் சொன்னதை வைத்து இன்னொரு திரையை உருவாக்கினார். சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அசையாமல் இருக்கும். நடுவில் உள்ள எழுத்துகள் ஓயாமல் இடம் மாறிக் குதித்துக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க அது பரவியது. டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்து நடனம் ஆடும் என்று பலபேர் முடிவே கட்டிவிட்டார்கள். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படத்திலும் எழுத்து ஆடும் காட்சி உண்டே!

என்னிடம் வந்த அந்தத் தகப்பனாரிடம் இந்தத் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு எழுத்து ஆடாது டாக்டர். அது பாட்டுக்கு நின்னுட்டுத்தான் இருக்கும். எங்கிட்டே பேசாது, அவ்வளவுதான்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சிலருக்கு எழுத்து அசைவது போலத் தோன்றலாம், எல்லோருக்கும் அப்படியில்லை. அதனால் குதிக்கும் எழுத்தைக் காட்டும் விளையாட்டைவிட, விதியை மாற்றி மூளையைத் திணறவைக்கும் பி.பி.எஸ். முறைதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது, ஒலியாக மாறத்தான் மறுக்கிறது!

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பார்வையற்றவர் நிலையை உணர்வதற்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவைக்கும் பயிற்சியை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஏரியல் சில்வர்மேனும் குழுவினரும் சோதித்தார்கள். அவரே பார்வையற்றவர். கண்ணைக் கட்டி நடந்தவர்களுக்குப் பரிவு கூடியது. ஆனால் 'இவர்களால் தனியாக வாழவோ வேலை பார்க்கவோ முடியாது' என்ற எண்ணமும் சேர்ந்து வளர்ந்துவிட்டது! காரணம் லேசானது. முதல் ஐந்து நிமிஷத் தடுமாற்றத்தைத்தான் அவர்கள் அனுபவித்தார்கள். வருஷக்கணக்காகப் பழகியவரின் சாமர்த்தியத்தை அல்ல.

ஆகவே முப்பது விநாடி விளையாட்டை ஆடிவிட்டு, 'ஐயோ பாவம், இதுக்கு ஒண்ணும் வராது' என்று குழந்தையைப் பார்த்து உச்சுக்கொட்டாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் குழந்தையையே கேளுங்கள். "உனக்கு எந்த இடத்துல கஷ்டமா இருக்கு? எப்படிச் சமாளிக்கறே?" அந்தப் பெண் குழந்தை என்னிடம் சொன்ன பதில்: "பக்கத்துல இருக்கறவ படிக்கும்போது கேட்டு மனப்பாடம் பண்ணிக்குவேன் தாத்தா. மிஸ் வரிசையை மாத்திட்டா மாட்டிக்குவேன்." எட்டு வயதில் என்ன மூளை!

அப்படியானால் என்ன செய்வது?

'வீடியோ கேம் ஆடினால் படிப்பு வந்துவிடுமா?' என்றும் கேட்கிறார்கள். 2013-ல் இத்தாலியின் படுவா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளை முயல்கள் குதிக்கும் ஒரு வேகமான விளையாட்டை மொத்தம் 12 மணி நேரம் ஆடவைத்ததில் வாசிப்பு வேகம் கூடியதாக எழுதினார்கள். வெறும் இருபது குழந்தைகள், அதிலும் அந்த விளையாட்டை ஆடியவர்கள் பத்துப்பேர். 2018-ல் போலந்து நாட்டில் இதே யோசனையைச் சோதித்தபோது அப்படிப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

மருந்து என் தொழில். இருந்தாலும் சொல்கிறேன். டிஸ்லெக்ஸியாவுக்கு லேகியம் கிடையாது, சூரணம் கிடையாது, நெய்யும் கிடையாது. வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் அது எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கொடுக்காது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் பாலவாகடம் படித்தபோது குழந்தைக்கு மாந்தம் பார்க்கவும், கணம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். இதைப் பார்க்க நானாகத்தான் பிறகு கற்க வேண்டியிருந்தது. இப்போது இப்படி ஒரு குழந்தை வந்தால் என் வேலை சோகை இருக்கிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா, தூக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு மட்டும் மருந்து தருவது. கண் பரிசோதனை, காது பரிசோதனைக்கு அனுப்புவது. இவை சரியாக இருந்தும், இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தும் எழுத்துக் கூட்ட வரவில்லை, ஆனால் வாயால் கேட்டால் பதில் டாண் டாணென்று வருகிறது என்றால் சிறப்புக் கல்வியாளரிடம் அனுப்பிவிடுகிறேன். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.

அங்கே சொல்லிக்கொடுக்கும் முறையைப் பார்த்தபோது எனக்கு ஆச்சர்யம். ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை ஒலி உண்டோ அத்தனை புளியங்கொட்டையை நகர்த்தச் சொல்கிறார்கள். பிறகு வாயால் ஒலித்துக்கொண்டே மணல் தட்டில் விரலால் எழுதச் சொல்கிறார்கள். கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் வகுத்த வழியில் வந்த முறை. மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் பழசுதான். தினம் இருபது நிமிஷம், அவசரமில்லாமல், மாதக்கணக்கில் செய்யவேண்டும்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம் பெற்றிருக்கிறது. முறைப்படி சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், குழந்தை சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகள் உண்டு. 'சான்றிதழ் வாங்கினா நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று தயங்கும் வீடுகள்தான் அதிகம். கண்ணாடி போட்ட பிள்ளையை யாராவது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பரீட்சை எழுதச் சொல்வார்களா?

அந்தத் தகப்பனாரிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல டாக்டர், உங்களுக்கு அப்ப தெரியல" என்றார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எந்த மோட்டாரின் சத்தத்தைக் கேட்டாலும் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாராம். மகளுக்குப் புளியங்கொட்டைப் பாடம் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் மணல் தட்டைத் தயார் செய்து பக்கத்தில் உட்காருவது அவர்தான். போனவாரம் போன் செய்தார். மகள் படிக்கும்போது தானும் கூடவே படிப்பதாகச் சொன்னார். கடைக்கு வரும் பில்லை இப்போது அவரே கூட்டிப் படிக்கிறாராம்.

விளையாட்டுக்கு விடை: மாமா கடையில் பழம் வாங்கித் தந்தார். பாட்டி கதை சொன்னாள். தம்பி மரத்தடியில் கேட்டான். கிளி பறந்து போனது.